புருவத்தில் எச்சில்

"பொறந்த வீட்டுலேருந்து வந்ததுக்கப்புறம் உன் பொண்டாட்டி சண்டையே போடறதில்லையாமே?" வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார் பக்கத்து வீட்டு தொராகிச்சி.

"ஆமாண்ணே, எப்பவும் சிரிச்ச முகம்தான்," என்றான் கிசாகு.

"அடப்பாவி, அது அவ இல்லடா! அவ வேஷத்துல வந்திருக்கிற நரி!"

கட்டிப்போட்டிருந்த நாய் வெறிபிடித்தாற்போல் குரைத்தது.

"பார்த்தியா? உள்ள இருக்கறவளப் பார்த்துதான் குரைக்குது. புருவத்துல எச்சில் தடவிக்கிட்டு அவளப் பாரு, நரியோட மாயம் பலிக்காது. அப்படியும் சந்தேகமா இருந்தா ஒரு தட்டு நிறையப் பொரிச்ச தோஃபுவ நீட்டு. நரிக்கு அதுன்னா உயிரு, வாயக் கட்ட முடியாது. தின்னா உடனே விரட்டிடு!"

கிசாகு புருவத்தில் எச்சிலைத் தடவிக்கொண்டு மனைவியை உற்றுப் பார்த்தான். அதே ஒமாசுதான். பொரித்த தோஃபுவைத் தட்டு நிறைய வைத்து நீட்டினான்.

"ஐயோ, எண்ணெய் வாடையே குமட்டுது. எடுத்துட்டுப் போங்க!"

போன உயிர் திரும்பி வந்தது. புருவத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு வேலிக்கு ஓடினான்.

"அண்ணே, அவ தொடவே இல்ல!"

"நல்லதாப் போச்சு. சந்தேகப்பட்டு வச்ச பண்டம் வீட்டுல இருக்கக் கூடாது. கொண்டா, தூரப் போட்டுடறேன்."

தட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தான்.

"யாரோட பேச்சு?" என்றாள் ஒமாசு.

"தொராகிச்சி அண்ணன்தான்."

"அவரா? முட்டிவலின்னு காலையிலயே வெந்நீர் ஊத்துக்குப் போயிட்டாரே! அவங்க வீட்டுக் கோழிக்கு நான்தானே தீனி போடறேன்?"

கிசாகு வெளியே ஓடினான். வேலியடியில் நக்கித் துடைத்த தட்டு கிடந்தது.

புருவத்தைத் தடவிப் பார்த்தான். நன்றாகக் காய்ந்திருந்தது.