இரண்டு பை மண்

பேருந்தில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. ஒர்னெல்லாவின் பக்கத்தில்.

நின்றுகொண்டே போக லொரெதானா தயார். ஓட்டுநர்தான் விடவில்லை.

உட்கார்ந்தாள். மடியில் பட்டுத்துணிப் பை. அதில் நத்தைப் படம். சன்னலோரம் இருந்த ஒர்னெல்லா, தலைக்கு மேலே சாமான் தட்டில் வைத்திருந்த காகிதப் பையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.

இரண்டு பையிலும் மண்.

லொரெதானாவின் மகள் விர்னாவுக்கு அன்று காலையில் வலி கண்டிருந்தது. ஃபிளாரன்ஸ் மருத்துவமனையில். போயும் போயும் ஃபிளாரன்ஸில். சியெனா நகரத்துக் குழந்தை வெளியூரில் பிறக்க நேர்ந்தால், பேட்டை மண்ணைக் கொண்டுபோய்ப் பிரசவக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். எந்த மண்ணுக்கு மேலே பிறக்கிறதோ, அந்தப் பேட்டைப் பிள்ளை.

விர்னா நத்தைப் பேட்டை. அவள் கட்டிக்கொண்ட தூச்சோ, பரம்பரைப் பகையான ஆமைப் பேட்டை. ஊரில் வேறு ஆணே கிடைக்கவில்லை அவளுக்கு. கோடையில் பேட்டைகளுக்குள் குதிரைப் பந்தயம் வந்தால் அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள், அவன் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவான். பந்தயம் முடிந்த பிறகுதான் மறுபடி ஒரே கூரை.

தூச்சோவின் அந்த அம்மாதான் ஒர்னெல்லா.

"ரொட்டிக்கடைப் பையிலயா கொண்டு வர்றீங்க?" என்றாள் லொரெதானா. "உங்க பேட்டையில ஒரு கிழிஞ்ச துணிகூடவா இல்ல?"

"உள்ள இருக்கிறது நல்லா இருந்தாப் போதும், சம்பந்தியம்மா. பட்டு சுத்தினாலும் நத்தை நத்தைதான்."

"ஆமை வந்து சேர்றதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடமே போயிடும்."

முன்னிருக்கையில் ஒரு சுற்றுலாக்காரன் சைப்ரஸ் மரங்களை ஓயாமல் படமெடுத்துக்கொண்டு வந்தான். மரத்தையே பார்க்காதவன்.

வளைவில் ஒரு லாரி குறுக்கே வந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார்.

காகிதப் பை தட்டிலிருந்து இருக்கைகளுக்கு நடுவழியில் விழுந்து வெடித்தது. இரவு மழையில் ஊறிய மண். கொழகொழவென்று பரவியது.

ஒர்னெல்லா எழுந்தாள். "வழி விடுங்க."

லொரெதானா முழங்காலை மடக்கவில்லை. "பஸ் ஓடிக்கிட்டிருக்கு. நீங்க விழுந்து வச்சா உங்க பையனுக்கு யாரு பதில் சொல்றது?"

"காலையாவது எடுங்க. மண்ணு மேல வச்சிருக்கீங்க."

"ஏன், உங்க ஆமை கடிச்சிடுமா?"

சொல்லிவிட்டு, சிகரெட்டை அணைப்பதுபோல் குதிகாலை ஒரு திருகு திருகினாள். மழைக்கென்று போட்ட காலணி. அடிப்பாகம் முழுக்க ஆழமான பள்ளங்கள்.

அடுத்த நிறுத்தத்தில் ஓட்டுநர் துடைப்பத்தோடு வந்தார்.

"இது பஸ்ஸா, வயக்காடா?"

"ஐயா, கூட்டாதீங்க. ஒரு பிடி இருந்தாப் போதும். நான் அள்ளிக்கிறேன்."

"மண்ணையா? ஏன், ஃபிளாரன்ஸ்ல மண்ணு கிடைக்காதா?" அவர் ஒர்னெல்லாவை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, சியெனாவா. அதானே பாத்தேன்."

வேறு நாளாக இருந்தால் லொரெதானா அந்த ஃபிளாரன்ஸ்காரனுக்கு மோந்தப்பெர்த்திப் போரை நினைவூட்டியிருப்பாள். சியெனா அவர்களைப் புரட்டி எடுத்த நாள். நடந்து எழுநூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஊருக்கு அது நேற்று.

இன்று அவள் அவன் கட்சி.

முழங்காலை மடக்காமலே உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் கூட்டித் தள்ள, ஆமைப் பேட்டை மண் படி வழியே சாலையில் விழுந்தது. ஒர்னெல்லா சன்னல் வழியாகப் பார்த்தாள். பேருந்து புறப்பட்டது.

மருத்துவமனைக்கு ஒரே டாக்சி. ஒருத்தி மடியில் பை. இன்னொருத்தி மடியில் வெறும் கை.

பிரசவ அறை வாசலில் செவிலி பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன இது?"

"மண்ணு."

"இந்த ரூமுக்குள்ளயா? நல்லா இருக்கே!" பையை வாங்கி வெளியே நாற்காலியில் வைத்தாள். "ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடுங்க. தலை தெரியுது."

லொரெதானா வாதாட வாயெடுத்தாள். உள்ளே விர்னா "அம்மா" என்று அலறினாள்.

ஓடினாள். கட்டிலின் இந்தப் பக்கம் நின்று நெற்றியைத் துடைத்தாள். சுற்றிப்போய் அந்தப் பக்கம் நின்று தலையணையை ஏற்றினாள். கட்டிலுக்கு அடியில் போய்விட்ட போர்வையைக் காலை நீட்டி இழுத்து எடுத்தாள். தூச்சோ மனைவியின் கையைப் பிடித்தபடி அவளுக்கு வழிவிட்டு வழிவிட்டு நின்றான்.

ஒர்னெல்லா வாசலைத் தாண்டவில்லை. எதைக் கொண்டுபோய் நிற்பாள்?

"போதும், வெளிய வாங்க," என்ற செவிலி தரையைப் பார்த்தாள். "யாரு கால் இது? இப்பத்தானே துடைச்சோம்!"

வாசலிலிருந்து கட்டில் வரை, கட்டிலைச் சுற்றி, கட்டிலுக்கு அடியில். பள்ளம் பள்ளமாக அச்சு விழுந்த ஈர மண்.

ஒர்னெல்லா மண்ணைப் பார்த்தாள். பிறகு லொரெதானாவின் காலணியைப் பார்த்தாள்.

செவிலி துணியை எடுக்கத் திரும்பினாள். ஒர்னெல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்மா. பிள்ளை பிறக்கட்டும். அப்புறம் நானே துடைச்சுத் தர்றேன்."

உள்ளிருந்து மருத்துவர் கூப்பிட்டார். செவிலி துணியை விட்டுவிட்டு ஓடினாள். லொரெதானா வெளியே வந்ததும் கதவு மூடியது.

வெளியே நாற்காலியில் பட்டுப் பை முடிச்சு அவிழாமல் இருந்தது. ஒர்னெல்லா அதை எடுத்து, இரண்டு கையாலும் லொரெதானாவிடம் கொடுத்தாள்.

"ரொம்ப நன்றி, சம்பந்தியம்மா. பத்திரமாக் கொண்டுவந்து சேத்துட்டீங்க."

லொரெதானா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

உள்ளே குழந்தை அழுதது.