பூனை கேட்ட வழக்கு

மலையூர் வீடு ஒன்றில் பழைய கணப்படுப்பும் புது மின்சார ஹீட்டரும் எதிரெதிரே இருந்தன. இரண்டில் ஒன்று போதும் என்று வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டதிலிருந்து இரண்டுக்கும் ஓயாத சண்டை. அன்று விடியற்காலையில், நியாயம் சொல்லும்படி பூனையைக் கூப்பிட்டன. பூனை நடுவில் வந்து படுத்துக்கொண்டது.

"விறகுன்னாலே புகை, சாம்பல். ஈரக்கட்டை வந்துட்டா வீடே இருமும்" என்றது ஹீட்டர்.

"கரண்ட் போனா நீ வெறும் தகரம். எனக்கு நாலு கட்டை போதும்" என்றது அடுப்பு.

"விறகுச் சூடு எலும்பு வரைக்கும் இறங்குமாமே, நிஜமா?" என்று பூனை ஆவலாகக் கேட்டது. அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்து காட்டியது.

"ஹீட்டரே, நீ எவ்வளவு சீக்கிரம் சூடாவே?" ஹீட்டர் கம்பி சிவக்கச் சிவக்கக் காய்ந்து காட்டியது.

முதுகு காய்ந்ததும் பூனை புரண்டு வயிற்றைக் காட்டியது. அதற்குச் சந்தேகம் வந்துகொண்டே இருந்தது.

கடைசிக் கட்டையும் கரியானது. ஜன்னலில் வெயில் வந்தது.

"தீர்ப்பு என்ன?" என்று இரண்டும் கேட்டன.

பூனை சோம்பல் முறித்தது. "ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. சாயங்காலம் குளிர ஆரம்பிச்சதும் மறுபடி முதல்லேருந்து சொல்லுங்க."