தோள்மேல் ஒரு கை

"மறுபடியும் அந்தக் கை வந்திருக்கு, காஸ்பர். இது மூணாவது தடவை."

மது ஆலைக்காரர் பல்தசார், மை காயாத அச்சுத்தாளைச் செதுக்குகாரரின் மேசைமேல் போட்டார்.

செப்புத்தகட்டில் வெட்டி எடுத்த குடும்பப் படம். நாற்காலியில் மனைவி சிபில்லா, பக்கத்தில் பல்தசார், காலடியில் இரண்டு மகள்கள். சிபில்லாவின் தோள்மேல் மங்கலாக ஒரு கை. உடம்பில்லாத கை.

மூத்த மகன் தோபியாஸின் கை அது. புராட்டஸ்டன்ட் வீட்டுப் பிள்ளை, கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அவர்கள் கோயிலுக்கே போய்விட்டான். படத்திலிருந்து அவனை எடுக்கச் சொல்லி ஒரு மாதமாகிறது.

"ஆள் போயிட்டான். கை மட்டும் ஏன்யா போகல?"

"ஆள் நின்ன இடத்துல கறுப்புத் திரை வெட்டிட்டேன், ஐயா. கோட்டுமேல கோடு விழுந்தா பழசு தெரியாது. கை அம்மாவோட வெள்ளைப் பட்டு மேல இருக்கு. அங்க கோடே இருக்கக் கூடாது. சுரண்டித்தான் எடுக்கணும்."

"சுரண்டுனியா?"

"மூணு தடவை. கோடு வெட்டின பள்ளத்துல துளி மை நின்னாலும் தாள்ல வந்துடுது."

"புத்தாண்டுக்கு நாலு நாள்தான் இருக்கு. எங்க சபையில நூறு வீட்டுக்குப் போற படம்யா. அவனை இன்னும் மகனா வச்சிருக்கேன்னு பேச மாட்டாங்க?"

"எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?" என்றாள் கூட வந்திருந்த சிபில்லா. "தோள்மேல சிலந்தி ஏறின மாதிரி. ஆக்ஸ்பர்க்ல இத்தனை செதுக்குகாரங்க இருக்க, இவரைப் பிடிச்சீங்களே. இனி வேற ஆள்கிட்ட குடுத்தா ஈஸ்டருக்குத்தான் வரும்."

பல்தசார் தலையில் அடித்துக்கொண்டார்.

"நூறு தாள் போட்டுத் தொலை. யாராவது கேட்டா சால்வை மடிப்புன்னு சொல்லிக்கறேன்."

படிக்கட்டு அதிர இறங்கிப் போனார். பின்னாலேயே போன சிபில்லா, கையுறையை மறந்தவள்போல் திரும்பி வந்தாள். அச்சுத்தாளின்மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"நூறாவது தாள்லயும் இது தெரியுமா, காஸ்பர்?"

"தெரியும்மா. நீங்க சொன்னபடி மூணு தடவையும் பாதி ஆழம்தான் சுரண்டினேன். அடிவரைக்கும் சுரண்டி, தகட்டைத் திருப்பிப் பின்பக்கம் சுத்தியலால தட்டிப் பள்ளத்தைச் சமமாக்கியிருந்தா முதல் நாளே போயிருக்கும்."