சிலிண்டர் உபயம்

மாவட்டத் துப்பாக்கி சுடும் வரலாற்றில் அது பொன்னாள். கிளப்பின் ஏர் ரைஃபிள்களுக்குக் காற்று ஏற்றத் தலைவர் சிங்காரவடிவேல் சிலிண்டர் வாங்கித் தந்தார். கழுத்திலிருந்து அடிவரை மஞ்சள் பெயிண்ட்டில் ‘உபயம்’ என்று தொடங்கி, தன் பரம்பரையையே எழுதவைத்தார்.

காற்று தீர்ந்தது. மாநில அணித் தேர்வுக்கு முந்தின நாள், கிளப்பில் சுடப் பழகும் பெனிட்டா அதை நிரப்பக் கொண்டுபோனாள்.

“டெஸ்ட் பண்ண தேதி கழுத்துல குத்தியிருக்கணுமே, எங்க இருக்கும்மா?” என்றார் கடைக்காரர். “அது தெரியாம காத்து அடிச்சா, கடையோட நாமளும் பறப்போம்.”

“பெயிண்ட்டுக்கு அடியில இருக்குண்ணே.”

சுரண்டலாமா என்று தலைவரிடம் போனில் கேட்டாள்.

“கழுத்துலயா? அங்க எங்கப்பா பேரும்மா. கை வச்ச, கிளப் பக்கமே வராத.”

மறுநாள் அவள் பெயரைக் கூப்பிட்டபோது துப்பாக்கியில் காற்று இல்லை. அடுத்த தேர்வுக்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும்.