பன்னிரண்டு தோலா

தராசில் 139.93 என்று வந்து நின்றது.

நாலு வருஷத் தேய்மானம் போக, சரியாக இருக்கிறது என்று நினைத்தான்.

"கூட இருக்கே மாப்ள," என்றார் மாமனார்.

அவன் மனைவி இறந்து நாற்பத்தோரு நாள். பிள்ளை இல்லாமல் போனவளின் நகை பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதுதான் அவர்கள் பக்கத்து வழக்கம். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக, கடைவீதியில் ஒரு நகைக்கடையில் நிறுத்துக் கொடுப்பதென்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். மாமனார் பம்பாய் ரயிலை விட்டு இறங்கி நேராகக் கடைக்கே வந்துவிட்டார். தோளில் பை இன்னும் தொங்கியது.

காலையில் அம்மா சொல்லியனுப்பினாள். "பதினேழரைப் பவுன். அப்படியே எண்ணிக் குடுத்துட்டு வந்துரு. அடுத்தவுக பொருள் ஒரு குண்டுமணி நமக்கு வேண்டாம்."

தட்டில் கிடந்தவற்றைப் பார்த்தான். எதுவும் அவள் கழுத்தில் கிடந்ததாகத் தோன்றவில்லை. எடையாகத்தான் தெரிந்தது.

"கூட இல்ல மாமா. பன்னெண்டு தோலா. நூத்தி நாப்பது கிராம்."

"நூத்தி இருவதுல்லா?"

கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "பம்பாய் யாவாரத்துல தோலான்னா பத்து கிராம்தான் சார். ரொம்ப வருஷமா அப்படித்தான். பதினொண்ணரைச் சொச்சம்ங்கிறதெல்லாம் பழைய தோலா. புஸ்தகத்துலதான் இருக்கும்."

புஸ்தகத்தில்தான் இருந்தது.

கல்யாணம் பேசியபோது மாமனார் எழுதிய கடிதத்தில் பன்னிரண்டு தோலா என்று போட்டிருந்தார். அம்மாவுக்குப் பவுன் தெரியும், தோலா தெரியாது. அவன் இயற்பியல் படித்தவன். அளவை அட்டவணையைப் பார்த்து, கடிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். ஒரு தோலா 11.664 கிராம். பன்னிரண்டுக்கு 139.968. எட்டால் வகுத்தால் பதினேழரைப் பவுன்.

அம்மா தெரு முழுக்கச் சொன்னாள்.

வந்தது பதினைந்து.

"ரெண்டரைப் பவுன் வார வழியில ரயிலை விட்டு எறங்கிட்டு போல," என்பாள் அம்மா. விருந்தாள் வந்தால் சொல்வாள். வராவிட்டாலும் சொல்வாள். குழம்பில் உப்புக் குறைந்தால், "இதுவும் எறங்கிட்டா?" என்பாள்.

பம்பாயில் தோலாவுக்குப் பத்து கிராம்தான் என்று மனைவி ஒரே ஒரு முறை அவனிடம் சொன்னாள்.

அவன் அட்டவணையை எடுத்து வந்தான்.

விரலை வைத்துக் காட்டினான்.

அந்த எண்ணை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பாகிட்ட கேக்கேன்," என்றாள்.

போன ஆடியில் இரண்டு வளையல்கள் வந்தன. அப்பா மீதியைக் கொடுத்துவிட்டார் என்றாள். அம்மா உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். அன்றோடு அந்தப் பேச்சை விட்டாள்.

மனைவி அவற்றைப் போட்டுக்கொண்டதில்லை. கை கனக்கிறது என்பாள்.

வீட்டில் சத்தம் ஓய்ந்தது. அம்மாவுக்கு மனம் இளகிவிட்டதென்று அவன் நினைத்திருந்தான்.

மாமனார் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கினார். ஆரம். நெக்லஸ். முகப்புச் சங்கிலி. தோடும் மாட்டலும். நாலு வளையல்.

தட்டில் இரண்டு வளையல்கள் மிஞ்சின.

"இது நாங்க போட்டதில்ல மாப்ள."

அவன் அவற்றைப் பார்த்தான்.

மூன்று வருஷம் அவள் வாத்தியார் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறாமல் நடந்தே போய்வந்தாள். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றாள். சம்பளத்தில் ஏதோ நகைச்சீட்டுக் கட்டினாள். எதற்கென்று அவன் கேட்டதில்லை.

நெஞ்சில் ஏதாவது வரும் என்று காத்திருந்தான்.

வரவில்லை.

மேலே மின்விசிறி சுற்றியது. பக்கத்தில் ஒரு பெண் கொலுசை ஆட்டி ஆட்டிச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வாங்கிக் குடுத்ததா?"

கேட்கும்போதே மாமனாரின் முகம் கனிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தபோது இருந்த முகம் இல்லை அது.

"ஃபோன்ல ஊர்க்கதையெல்லாம் சொல்லுவா. இதை ஒரு வார்த்தை சொல்லலியே, கள்ளி."

அவன் வளையல்களைக் கடைக்காரர் பக்கம் தள்ளினான்.

கடைக்காரர் வளையல்களை மட்டும் எடுத்துத் தராசில் வைத்தார்.

19.97.

139.968-இல் நூற்றிருபதைக் கழித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கழித்துப் பார்த்தான்.

கடைக்காரர் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொல்லிவச்சுச் செஞ்ச உருப்படி சார் இது. முழுசா இருவதுன்னு செய்யாம, முப்பது மில்லி கொறச்சுச் செய்யச் சொல்லியிருக்காங்க. இப்படி யாரும் கேட்டு நான் பாத்ததில்ல." சிரித்தார். "யார் போட்ட கணக்கு?"

"நான் போட்டது," என்றான்.

மாமனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் வந்து தொங்கியது. அதைக்கூடச் சரி செய்யாமல், பிடித்த கையை விடாமல் நின்றார்.