பத்திக்குள் கடத்தல்

“இந்த விவசாயி சரியில்லம்மா. இவன்மேல எனக்குச் சந்தேகமா இருக்கு.”

கூடத்திலிருந்து வந்த குரலைக் கேட்டதும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். கை நிறையச் சோப்பு நுரை என்பது அடித்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

கூடத்தில் அவள் கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். விமான நிலையத்தில் சுங்கப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே மடிக்கணினியுடன் மருமகள்.

“மாமா, விவசாயி விடியறதுக்கு முன்னாடி எழுந்து வயலுக்குப் போறான். பத்தியில அவ்வளவுதான் இருக்கு. இதுலேருந்து அவனைப் பத்தி என்ன தெரியுது?”

“இருட்டோட எதுக்குப் போகணும்? யார் கண்ணுலயும் படக்கூடாது. அதான்.”

“சரி... அது இல்லைன்னா?”

“தூக்கம் வராத வியாதி.”

“அதுவும் இல்லைன்னா?”

“வீட்டுல பொண்டாட்டி தொல்லை.”

சமையலறையில் ஒரு தட்டு டணாரென்று விழுந்தது. “உழைப்பாளின்னு சொல்லித் தொலைங்களேன்!”

“நீ சும்மா இரு. உனக்கு ஆளைப் பார்த்து எடை போடத் தெரியாது.”

மருமகள் கண் மின்ன, மடிக்கணினியில் மடமடவென்று தட்டிக்கொண்டாள். “பிரமாதம் மாமா. அடுத்த பத்திக்குப் போவோம்.”

அவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த வீட்டில் யாருடைய பைகளுக்கும் பாதுகாப்பில்லை. கடைக்குப் போய்விட்டு வந்தால் மாமியாரின் பை மேஜையில் கவிழ்க்கப்படும். ஊரிலிருந்து வந்த அவள் அண்ணனின் பெட்டியை இவர் அடியில் தட்டிப் பார்க்கப்போக, அவர் காபிகூடக் குடிக்காமல் அடுத்த வண்டிக்கே கிளம்பிவிட்டார். பொறுக்க முடியாமல்தான் மகன் சொன்னான்: “அப்பா, நீங்க சட்டம் படிங்க.” மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சட்டக் கல்லூரிக்கு வயது தடையில்லை. நுழைவுத் தேர்வுதான் தடை. அதிலும் பத்தியைப் படித்துவிட்டு, நான்கு விடைகளில் சரியானதைக் குறிக்கும் பகுதியில் மனிதர் இரண்டு தடவை குப்புற விழுந்திருந்தார். காலமெல்லாம் பெட்டிகளுக்கு அடியில் ரகசிய அறை தேடியவருக்குப் பத்திக்கு அடியிலும் ஒன்று இருந்தே தீரும்.

மகன் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தான். ஐந்தாவது நிமிஷம் பேனாவை வீசிவிட்டுப் போனவன், அந்தப் பக்கமே திரும்பவில்லை. அப்போதுதான் மருமகள் தானாக முன்வந்தாள். அவள் ஒரு நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டுகிற வேலை என்பதற்குமேல் மாமியாருக்குத் தெரியாது.

“தேனீ ஏன் மாமா பூவுக்குப் பூ தாவுது?”

“பின்னாடி வர்றவனை அலைக்கழிக்கத்தான். ஒரே இடத்துல நின்னா மாட்டிக்கும்ல?”

“ஆஹா. வேற?”

வேறு இரண்டு காரணங்களையும் சொல்லிவிட்டுப் பரிசோதகர் கெஞ்சினார். “சரியான விடைதான் என்னம்மா? அதையும் ஒரு தடவை சொல்லிடேன்.”

“அது கிடக்கட்டும் மாமா. உங்களுக்கு என்ன தோணுதோ, அதுதான் எனக்கு வேணும்.”

மாமியார் உருகிப்போனாள். நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து, இந்த மனிதரிடம் முகம் சுளிக்காமல் உட்கார யாரால் முடியும்? மருமகளுக்கே முதல் கோப்பைத் தேநீர் என்று ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். “பொறுமைக்கு இன்னொரு பேரு என் மருமக!”

இருந்தாலும் உள்ளூர ஒரு பயம். ஒருநாள் மருமகளைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னாள்: “பிரமாதம் பிரமாதம்னு ஏத்தி விடாதம்மா. இந்தத் தடவையும் விழுந்தா அவர் தாங்க மாட்டார். அதைவிட, நான் தாங்க மாட்டேன். மறுபடியும் என் பைக்குத்தான் வந்து நிப்பார்.”

மருமகள் சிரித்து மழுப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசோதகர் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் கிளம்பினார். “ஒருத்தரைப் பார்க்கணும்” என்றார். மத்தியானம் திரும்பி வந்தவர், என்றைக்கும் இல்லாத அமைதியாக நாற்காலியில் சாய்ந்து மருமகளையே ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில், வேலையிலிருந்து வந்த மருமகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“மாமா, எங்க நிலையம் நடத்தின மாதிரித் தேர்வை நீங்க எழுதினீங்களா?”

“ஏன், எழுதக் கூடாதா? வாசல்ல போர்டு வெச்சிருந்தாங்க. போனேன்.”

மாமியார் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். “விழுந்துட்டாரா?”

“எல்லாரும் விழுந்துட்டாங்க அத்தை. பத்தி படிக்கற பகுதியில கெட்டிக்காரப் பசங்ககூடக் கவுந்துட்டாங்க. முழு மார்க் வாங்கினது ஒரே ஒரு ஆள்.” அவள் விரல் மாமனாரைக் காட்டியது.

மாமியார் அப்படியே மருமகளைக் கட்டிக்கொண்டாள். “என் தங்கமே! கல்லையும் கரைச்சுட்டியே! எல்லாம் நீ சொல்லிக் கொடுத்ததுதான்!”

“ஐயோ அத்தை, நான் ஒண்ணுமே...” மருமகள் தரையைப் பார்த்தாள்.

“இவ எங்க சொல்லிக் கொடுத்தா?” என்றார் பரிசோதகர் நிதானமாக. “கேள்வித்தாளுக்குத் தப்பு விடை தயாரிக்கறதுதான் இவளோட உத்தியோகம்னு எனக்கே தாளைப் பிரிச்சப்பதான் தெரிஞ்சுது. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை போட்டிருந்தாங்க. மூணு நான் சொன்னது. மிச்சம் இருந்ததுல குறி போட்டுட்டு வந்தேன்.”