வாயைத் திறந்தபடி

பல் டாக்டருக்குப் பாட்டு என்றால் உயிர். சினிமாப் பாட்டு இல்லை. யாரோ வீட்டில் உட்கார்ந்து, தானே எழுதித் தானே பாடி இணையத்தில் போடும் பாட்டு. நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், இவர் ஆரம்பித்துவிடுவார்.

“முன்பல்லுக்கு நடுவுல சந்து, நாலு பேர் முன்னாடி சிரிக்கவே கூச்சமா இருக்கு டாக்டர்” என்று வந்த இளம்பெண்ணும் தப்பவில்லை.

“முகத்தையே காட்டாம ஒரு பொண்ணு பாடுறாம்மா. அடுத்த வாரம் இசை விழாவுல முதல் தடவையா மேடை ஏறுறா. முதல் வரிசை டிக்கெட் வாங்கிட்டேன்!”

அவள் கண்கள் விரிந்தன. ஏதோ சொல்ல வந்தாள்.

“வாயை அசைக்காதீங்க, சந்துல வச்ச பூச்சு இன்னும் இறுகல. அந்தப் பொண்ணு பாடுறப்ப ‘ச’ வர்ற இடத்துல எல்லாம் சன்னமா ஒரு விசில் வரும் பாருங்க, அதுக்குச் சொத்தையே எழுதி வைக்கலாம்!”

அவள் கையைக் காலை ஆட்டினாள். “ஆச்சு, ஆச்சு” என்று தட்டிக்கொடுத்தார்.

முன்பற்களுக்கு நடுவே இருந்த சந்து போன இடம் தெரியவில்லை. பெருமையாகக் கண்ணாடியை நீட்டினார்.

“இப்ப தாராளமா சிரிங்க!”

அவள் சிரிக்கவில்லை. மெல்ல ஒரு வரி பாடிப் பார்த்தாள்.

அவர் தினமும் கேட்கும் அதே பாட்டு, அதே குரல். விசில் மட்டும் வரவில்லை.